ராஸ்பெர்ரி பை டச் ஸ்கிரீன்: செட்டிங்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியோடு டச் ஸ்கிரீனை இணைக்கும்போது, படம் காட்டுவதும் தொடுதலைப் படிப்பதும் ஒரே வேலை என்று நினைப்பதுதான் முதல் தவறு. பெரும்பாலான எச்டிஎம்ஐ திரைகளில் இரண்டுக்கும் கேபிளே வேறு: படம் எச்டிஎம்ஐ வழியாக வரும், தொடுதல் யுஎஸ்பி வழியாகப் போகும். சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும், டேட்டா கம்பி இல்லாத யுஎஸ்பி கேபிளை மாட்டினால் திரை ஒளிரும், ஆனால் தொட்டால் எதுவும் அசையாது. அப்போது செட்டிங்ஸை எவ்வளவு நோண்டினாலும் பயனில்லை.

எனவே எதையும் மாற்றும் முன் தொடுதலைக் கண்காணிக்கும் லிப்இன்புட்-டூல்ஸ் தொகுப்பை நிறுவி, 'லிப்இன்புட் டீபக்-ஈவென்ட்ஸ்' கட்டளையை சூடோவுடன் (நிர்வாகி உரிமையுடன்) ஓட்டிவிட்டுத் திரையைத் தொடுங்கள். வரிகள் வரிசையாக ஓடினால் வன்பொருள் நலம். திசையோ எந்தத் திரை என்பதோதான் குழம்பியிருக்கிறது. ஒரு வரியும் வராவிட்டால் கேபிளையும் டிரைவரையும் பாருங்கள்.

அடுத்தது, பழைய குறிப்புகளை அப்படியே ஒட்டுவது. அதிக நேரத்தை விழுங்குவது இதுதான். பையின் இயங்குதளமான ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில், 2021-ல் வந்த புல்ஸ்ஐ பதிப்பிலிருந்து, திரையைக் கையாளும் கேஎம்எஸ் டிரைவர்தான் இயல்பாக இயங்குகிறது. கான்ஃபிக் கோப்பில் எழுதும் பழைய 'எச்டிஎம்ஐ குரூப்', 'டிஸ்ப்ளே ரொட்டேட்' வரிகளை அது கண்டுகொள்ளாது. பிழைச் செய்தியும் வராது. 2023-ல் வந்த புக்வோர்ம் பதிப்பில் அந்தக் கோப்பு பூட் அடைவிலிருந்து அதற்குள்ளேயே உள்ள ஃபர்ம்வேர் அடைவுக்கு மாறிவிட்டது. 1024×600 திரை தன் அளவைச் சரியாகச் சொல்லாவிட்டால், அந்த அளவை அதே அடைவிலுள்ள சிஎம்டிலைன் கோப்பில் 'வீடியோ' என்று தொடங்கும் அமைப்பாகச் சேர்க்க வேண்டும். அந்தக் கோப்பு முழுவதும் ஒரே வரியாகத்தான் இருக்க வேண்டும்; நடுவில் என்டர் தட்டினால் கணினி துவங்காமலே நின்றுவிடலாம்.

திருப்பிய திரையில் இடது மேல் மூலையைத் தொட்டால் வலது கீழ் மூலை அழுந்துகிறதா? படம் திரும்பியது, தொடுதல் திரும்பவில்லை. திரையில் படம் வரையும் அமைப்பு எக்ஸ்11 எனில், தொடுதலை 180 பாகை திருப்பும் மேட்ரிக்ஸ் எண்கள் -1 0 1 0 -1 1 0 0 1. புதிய அமைப்பான வேலேண்டில் எக்ஸ்11-ன் எக்ஸ்ரேண்டர், எக்ஸ்இன்புட் கட்டளைகள் இதற்கு உதவாது. புக்வோர்மில் ஸ்கிரீன் கான்ஃபிகரேஷன் செயலியில் அந்தத் திரையின் மெனுவைத் திறந்து டச் ஸ்கிரீன் சாதனத்தை இணைத்தால் போதும், தொடுதல் தானே திரும்பும். அதன் மேல் மேட்ரிக்ஸையும் சேர்த்தால் இரண்டு முறை திரும்பி, பழையபடி தலைகீழாகிவிடும். இரண்டாவது மானிட்டர் மாட்டியதும் தொடுதல் வேறு இடத்தில் விழுவதற்கும் இந்த இணைப்பு இல்லாததே காரணம்.

விரல் ஒரே சீராகச் சற்றுத் தள்ளி விழுந்தால் உடனே கேலிப்ரேஷன் (தொடும் இடத்தை அளந்து சரிசெய்தல்) செய்யத் தோன்றும். எக்ஸ்பிடி2046 சிப் உள்ள, அழுத்திப் பயன்படுத்தும் ரெசிஸ்டிவ் திரைக்குத்தான் அது பொதுவாகத் தேவை. போன் திரை போல லேசாகத் தொட்டாலே உணரும் கெப்பாசிட்டிவ் திரையில் அப்படி நடந்தால் முதலில் ரெசல்யூஷனைச் சந்தேகியுங்கள்.

தொடுதல் விட்டுவிட்டு வேலை செய்தாலோ மின்னல் குறி தோன்றினாலோ பெரும்பாலும் மின்சாரம் போதவில்லை. பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்ப், பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்ப் அடாப்டர் வேண்டும். டிஎஸ்ஐ (பையில் திரைக்கென உள்ள இணைப்பு) ரிப்பன் கேபிளை மாட்டவோ கழற்றவோ மின்சாரத்தைத் துண்டித்த பிறகே கை வையுங்கள். பை 5-ன் இணைப்பு 22 பின் கொண்டது. பை 4-ன் 15 பின் கேபிள் அதில் பொருந்தாது.