மார்பு எக்ஸ்ரே: ‘இதயம் பெரிது’ என்று எழுதும் முன்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து எக்ஸ்ரே அறைகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளும், வார்டில் முதல்முறை படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும் இளம் டாக்டர்களும் ஆண்டுதோறும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். படத்தை இடவலம் மாற்றி மாட்டுவதையும் பெயரைப் பார்க்காமல் விடுவதையும் யாராவது உடனே திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுவோம்.

படுக்க வைத்து எடுத்த படத்தில் இதயத்தை அளப்பது

இன்றும் எரிச்சல் தரும் தவறு இதுதான். குளச்சல் பக்கத்துப் பாட்டி ஒருவர் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார். ஆபரேஷனுக்கு முன் மார்புப் படம் வேண்டும், அவரால் நிற்க முடியாது, கட்டிலிலேயே எடுக்கிறார்கள். ‘இதயம் பெரிதாக உள்ளது’ என்று ரிப்போர்ட் வருகிறது. “அம்மைக்கு ஹார்ட் வீங்கியிருக்காம்” என்று மகன் கடன் வாங்கி, திருவனந்தபுரத்துக்கு வண்டி பிடிக்கிறார். எக்கோ என்ற இதய ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அதற்குள் ஆபரேஷன் தள்ளிப்போய், முதுகில் படுக்கைப் புண் வந்துவிட்டது.

இதயம் மார்புக்கூட்டின் முன்பக்கம், நெஞ்செலும்பை ஒட்டி இருக்கிறது. நின்றுகொண்டு நெஞ்சைப் படம் பதியும் தகட்டில் அழுத்தி, முதுகுப் பக்கமிருந்து கதிரைச் செலுத்துவது பி.ஏ. படம். இதில் இதயம் தகட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், கதிர் வரும் எக்ஸ்ரே குழாய் 180 செ.மீ. தள்ளி நிற்கும். அதனால் நிழல் ஏறக்குறைய உள்ள அளவிலேயே விழும். படுத்தவருக்கு எடுக்கும் ஏ.பி. படத்தில் தகடு முதுகுக்கடியில், குழாய் சுமார் 100 செ.மீ. உயரத்தில். சுவரிலிருந்து கையை விலக்கி விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் நிழல் பெருப்பது போலத்தான் இதுவும். போதாததற்கு, படுத்தால் வயிறு, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளும், இதயம் குறுக்காகச் சாயும்.

இதயத்தின் அதிகபட்ச அகலம் மார்புக்கூட்டின் உள் அகலத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்ற கணக்கு, பெரியவர்களின் பி.ஏ. படத்துக்கு மட்டுமே. உள் அகலம் 28 செ.மீ. என்றால் இதயம் 14 வரை இருக்கலாம். ஏ.பி. படத்தில் 55 சதவீதம் வந்தாலும் அதை வைத்து நோய் என்று எழுத முடியாது. பச்சிளங்குழந்தைக்கு 60 வரை இயல்பு.

படத்தில் குறிப்பு இல்லையென்றால் தோள்பட்டை எலும்பைத் தேடுங்கள். அது நுரையீரலின் மேல் விழுந்திருந்தால் ஏ.பி. ஆக இருக்க வாய்ப்பு அதிகம், பி.ஏ.வில் தோளை முன்னால் உருட்டச் சொல்வதே அதை ஒதுக்கத்தான். பிறகு இரைப்பைக் காற்று. இடது உதரவிதானத்துக்குக் கீழே காற்றும் நீரும் நேர்கோடாகப் பிரிந்திருந்தால் அது நிமிர்ந்த நிலையில் எடுத்தது.

படுத்த படம் இன்னும் இரண்டு விதத்தில் ஏமாற்றும். மேல் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் தடித்து, இதயம் செயலிழந்தது போல் காட்டும். நுரையீரல் உறையில் நீர் இருந்தாலோ அது முதுகுப் பக்கம் பரவி, வெறும் மங்கலாகத் தெரியும். நிமிர்ந்த படத்தில் 200 மி.லி. அளவில் விலா எலும்பும் உதரவிதானமும் சேரும் ஓரக்கோணம் மழுங்கிவிடும். படுத்த படத்தில் அது கூர்மையாகவே இருக்கக்கூடும்.

மூச்சு போதாமல் எடுத்தது

உதரவிதானத்துக்கு மேலே பின்பக்க விலா எலும்புகள் 9 அல்லது 10, முன்பக்கம் 6 எண்ண முடிய வேண்டும். ஏழோ எட்டோதான் என்றால் இதயம் அகலும், நுரையீரலின் அடிப்பகுதி நெரிந்து நிமோனியா போல் தெரியும். பட்டனை அழுத்தும் முன், மூச்சை இழுத்துப் பிடிப்பதை ஒருமுறை பழக்கிப் பாருங்கள். காது கேளாத பெரியவருக்கு வாயால் சொல்வதைவிட இழுத்துக் காட்டுவது மேல்.

திரும்பி நின்றது

கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடும் இரண்டு காறையெலும்புகளின் உள்முனையும் முதுகெலும்பின் முள்ளிலிருந்து சம தூரத்தில் இல்லையென்றால், இதயம் நகர்ந்திருக்கிறது, ஒரு பக்கம் கறுத்திருக்கிறது என்ற முடிவுக்கெல்லாம் போகாதீர்கள்.

பின்னல்

எண்ணெய் தேய்த்த தடித்த பின்னல் நுரையீரல் உச்சியில் காசநோய் மாதிரி விழும். கொண்டை போடச் சொல்லுங்கள்.

தாலிச் சங்கிலி, சிலுவை டாலர்

கழற்ற மனமில்லாதவரிடம் சண்டை வேண்டாம். பல்லால் கவ்விக்கொள்ளச் சொன்னால் போதும்.

முலைக்காம்பு நிழல்

கீழ்ப்பகுதியில் இருபுறமும் ஒரே உயரத்தில் வட்டப் புள்ளிகள் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். சிறு உலோக முத்தை பிளாஸ்டரால் அங்கே ஒட்டி மறுபடி எடுத்தால் தெரிந்துவிடும். கட்டி என்று எழுதி, சி.டி.க்கு அனுப்பிய பிறகு இதைச் செய்து பயனில்லை.

இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்ப்பது

வலது உதரவிதானம் இடதைவிட சுமார் 2 செ.மீ. உயரம். ஈரல் தூக்குகிறது என்று பலரும் சொல்வார்கள். இதயம் இடப்பக்கத்தை அமுக்குவதே காரணம். இரத்தக் குழாய்களும் மூச்சுக் குழாயும் நுரையீரலுக்குள் நுழையும் இடமான நுரையீரல் வேர் நேர்மாறு: இடதுதான் சற்று மேலே. வலது வேர் மேலே ஏறியிருந்தால் வலது உச்சியைக் காறையெலும்புக்குப் பின்னால்வரை துழாவுங்கள். பழைய காசநோய்த் தழும்பு அதை மேலே இழுத்திருக்கலாம்.

பழைய படம்

கேட்டு வாங்குங்கள். வீட்டில் எங்காவது சுருட்டி வைத்திருப்பார்கள். அதே தழும்பு அதே அளவில் அதிலும் இருந்தால், காசநோய் மாத்திரை எழுதும் முன் சளியைச் சோதனைக்கு அனுப்புங்கள்.