சோடியம் போகும் வரை: ஆய்வகத்தில் ஒய் ஜியோலைட் செய்முறை

கச்சா எண்ணெயை வடித்தபின் மிஞ்சும் கனமான எண்ணெயை உடைத்துப் பெட்ரோலாக்கும் இடம் எஃப்சிசி (ஃபுளூயிட் கேட்டலிட்டிக் கிராக்கிங்) யூனிட். சென்னை மணலியில் உள்ள சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும் ஒன்று உண்டு. அதற்குள் சுற்றிவரும் வினையூக்கித் தூளின் உயிர் ஒய் ஜியோலைட்: சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த, நுண்துளைகள் நிறைந்த படிகம். யூனியன் கார்பைடில் டொனால்ட் பிரெக் உருவாக்கிய இந்தப் படிகத்துக்கு 1964இல் காப்புரிமை கிடைத்தது. ஜியோலைட் வினையூக்கி ஆலைக்குள் நுழைந்தது 1962இல், மொபில் நிறுவனத்தின் பிளாங்க், ரோசின்ஸ்கி இருவரின் உழைப்பால்.

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு என்னிடம் வருகிற பிள்ளைகள், படிகம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். படிகம் வளரச் சோடியம் வேண்டும். வளர்ந்த பிறகு அதே சோடியம்தான் வினையூக்கியைக் கெடுக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் தானாகப் புரியும்.

முதலில் விதை ஜெல். 19.95 கிராம் டிஐ வாட்டரில் (அயனி நீக்கிய நீர்) 4.07 கிராம் காஸ்டிக் சோடா, 2.09 கிராம் சோடியம் அலுமினேட் இரண்டையும் போட்டு, தெளியும் வரை கலக்குங்கள். அதில் 22.72 கிராம் சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஸ்டிரரில் ஓடவிடுங்கள். மூடி போட்டு, அறை வெப்பத்தில் ஒரு நாள் முழுக்க ஆடாமல் அசையாமல் இருக்கட்டும். அந்த ஒரு நாளில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் அதைச் சுருக்காதீர்கள். படிகக் கருக்கள் உருவாவது அப்போதுதான்.

இந்த அளவுகள் 28.7 சதவீதம் சிலிக்கா, 8.9 சதவீதம் சோடியம் ஆக்சைடு உள்ள சிலிக்கேட்டுக்கும், ஏறக்குறைய 53 சதவீதம் அலுமினா உள்ள அலுமினேட்டுக்கும் போட்ட கணக்கு. கடையில் வாங்கும் சிலிக்கேட் கேனுக்குக் கேன் மாறும். சப்ளையர் தரும் பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, கணக்கைத் திருத்திய பிறகே எடை போடுங்கள்.

அடுத்தது பெரிய ஜெல். 130.97 கிராம் தண்ணீர், 0.14 கிராம் காஸ்டிக் சோடா, 13.09 கிராம் அலுமினேட். கரைந்ததும் 142.43 கிராம் சிலிக்கேட். வேகமாகக் கலக்கினால் கட்டியில்லாத வெள்ளை ஜெல் வரும். அதில் விதை ஜெல்லிலிருந்து 16.5 கிராம் மட்டும் எடுத்து மெல்ல ஊற்றி, இருபது நிமிடம் நன்றாகக் கலக்குங்கள். மொத்தத்தில் ஒரு மோல் அலுமினாவுக்குப் பத்து மோல் சிலிக்கா, 4.6 மோல் சோடியம் ஆக்சைடு, 180 மோல் தண்ணீர் என்ற விகிதம் அமையும்.

கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம். இவ்வளவு காரத்தில் கண்ணாடியே கரையும். கெட்டியான பாலிப்ரொப்பிலீன் பாட்டிலில் ஊற்றி, இறுக மூடி, 100 டிகிரி செல்சியஸ் ஓவனில் ஏழு மணி நேரம் வையுங்கள். இடையில் குலுக்கவோ கலக்கவோ கூடாது. ஜெல் அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நின்றால் நல்ல அறிகுறி. நேரம் கூடினால் படிகம் பெருகும் என்று ராத்திரி முழுக்க விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இந்தக் கரைசலில் ஒய் என்பது நிலையான முடிவு கிடையாது, வழியில் வரும் ஒரு கட்டம். அதைத் தாண்டவிட்டால் துளை சிறுத்த ஜியோலைட் பி ஆக மாறத் தொடங்கும். எண்ணெய் மூலக்கூறுக்கு அதனால் பயனில்லை.

ஆறியதும் புக்னர் புனலில் வடிகட்டி, வடிநீரின் பிஎச் 9க்குக் கீழே வரும் வரை கழுவி, 110 டிகிரியில் உலர்த்துங்கள். சுமார் 30 கிராம் வெள்ளைத் தூள் கிடைக்கும். முதல் வடிநீரைக் கொட்டும் முன் ஒரு எச்சரிக்கை: போட்ட சிலிக்காவில் ஏறக்குறைய பாதி அதில்தான் இருக்கிறது. தொட்டியில் வைத்து அமிலம் ஊற்றினால் அங்கேயே ஜெல்லாக உறைந்து குழாயை அடைத்துவிடும். தனி வாளியில் நடுநிலையாக்குங்கள்.

எக்ஸ்ஆர்டி (படிகத்தை அடையாளம் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) எடுங்கள். தாமிரக் கதிரில் 6.2 டிகிரி கோணத்தில் (2θ) உயரமான முதல் கோடு, பிறகு 10.1, 11.9, 15.6, 23.6 என்று வந்தால் ஒய்தான். 12.5, 28.1 அருகே புதிய கோடுகள் தலைகாட்டினால் பி கலந்திருக்கிறது.

இனி சோடியம். உலர்ந்த தூளின் எடையில் 13 சதவீதத்துக்கு மேல் சோடியம் ஆக்சைடு. வேண்டியதோ ஒரு சதவீதத்துக்கும் கீழே. எண்ணெயை உடைப்பது அமில மையங்கள். சோடியம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அமிலம் இருக்காது. ஆலையின் ரீஜெனரேட்டரில், வினையூக்கி மேல் படிந்த கரியை எரிக்கும்போது 700 டிகிரி வெப்பமும் நீராவியும் சேர்ந்து தாக்கும். சோடியம் மிஞ்சிய படிகம் அங்கே சீக்கிரம் நொறுங்கும். எண்ணெயோடு வெனேடியமும் வந்து சேர்ந்தால் அழிவு இன்னும் வேகம்.

பத்து கிராம் தூளை 100 மி.லி. ஒரு மோலார் அம்மோனியம் சல்பேட் கரைசலில் போட்டு, 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் கலக்கி, வடித்து, வெந்நீரில் கழுவுங்கள். புதுக் கரைசலோடு இதை மூன்று முறை செய்யுங்கள். பல ஆய்வுக் கட்டுரைகள் அம்மோனியம் நைட்ரேட் என்று சொல்லும். அது வெடிபொருள் விதிகளுக்கு உட்பட்டது, சூடாக்குவதும் ஆபத்து. கல்லூரி ஆய்வகத்துக்கு சல்பேட்டே நல்லது.

மூன்று முறைக்குப் பிறகும் கொஞ்சம் சோடியம் பிடிவாதமாக நிற்கும். 7.4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு) வாசல் உள்ள பெரிய அறைகளில் இருந்தது வெளியே வந்துவிடும். சின்னக் கூண்டுகளுக்குள் இருப்பது வராது. அதைக் கிளப்ப வெப்பம் வேண்டும். மூடியுள்ள குருசிபிளில் தூளை ஆழமாக நிரப்பி, ஃபர்னஸில் மெல்ல 550 டிகிரிக்கு ஏற்றிச் சில மணி நேரம் வையுங்கள். அம்மோனியா வரும் என்பதால் ஃபியூம் ஹூட் கட்டாயம். தூள் ஆழமாக இருந்தால் அதிலிருந்து எழும் நீராவி உள்ளேயே தங்கி, சட்டகத்திலிருந்து கொஞ்சம் அலுமினியத்தைக் கழற்றும். படிகம் வலுக்கும். அலகுக் கூட்டின், அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு அலகின், அளவு 24.65 ஆங்ஸ்ட்ராமிலிருந்து குறைவதை எக்ஸ்ஆர்டியிலேயே பார்க்கலாம். யுஎஸ்ஒய் (அல்ட்ராஸ்டேபிள் ஒய்) என்று ஆலைக்காரர்கள் சொல்வது இதைத்தான். இப்போது மறுபடி அம்மோனியம் சல்பேட்டில் போட்டால், ஒளிந்திருந்த சோடியமும் இறங்கும். லாந்தனம் குளோரைடில் பரிமாற்றம் செய்து அலுமினியம் கழல்வதைத் தடுப்பது இன்னொரு வழி.

ஆலையில் இந்தத் தூளை அப்படியே போட முடியாது. ஒரு மைக்ரான் அளவுத் தூள், வாயுவிலிருந்து தூளைப் பிரிக்கும் சைக்ளோனில் நிற்காமல் பறந்துவிடும். கயோலின் களிமண், அலுமினா, பிணைப்புச் சோல் (துகள்களை ஒட்டவைக்கும் கூழ்மக் கரைசல்) ஆகியவற்றோடு கலந்து ஸ்பிரே டிரையரில் 70 மைக்ரான் அளவு உருண்டைகளாக்குவார்கள். அலுமினாவுக்கு வேறொரு வேலையும் உண்டு: ஜியோலைட்டின் வாசலில் நுழைய முடியாத பெரிய மூலக்கூறுகளை வெளியிலேயே முதலில் உடைப்பது. ஸ்பிரே டிரையர் இல்லாவிட்டால் பிரஸ்ஸில் வில்லையாக்கி, உடைத்து, சலித்து எடுங்கள்; சிறு ரியாக்டருக்கு அது போதும்.

செய்த தூளை அம்மோனியம் வடிவிலேயே, காற்றுப் புகாத பாட்டிலில் வையுங்கள். சோதனைக்கு எடுக்கும் அன்று ஃபர்னஸில் சூடாக்கி அமில வடிவத்துக்கு மாற்றினால் போதும். முன்பே மாற்றி வைத்தால் நம்மூர் ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும். பாட்டில் மேல் தேதியோடு மீதச் சோடியம் எவ்வளவு என்பதையும் எழுதி ஒட்டுங்கள்.