கொழுப்பு சதவீதமும் கலோரிக் கணக்கும்: எங்கே கோட்டை விடுகிறோம்?

வீட்டுக்குப் புது எடை மெஷின் வாங்கியிருந்தேன். காலையில் ஏறி நின்றால் எடை 72 கிலோ, கொழுப்பு 28.3 சதவீதம் என்றது. இரவு சாப்பாடு முடிந்து சும்மா ஏறிப் பார்த்தேன். 26.1. ஒரே பகலில் ஒன்றரைக் கிலோ கொழுப்பு கரைந்து போகுமா என்ன?

அந்த மெஷின் கொழுப்பை அளப்பதே இல்லை. பாதம் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, உடம்பு அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிறது. நீர் மின்சாரத்தைக் கடத்தும், கொழுப்பு அவ்வளவாகக் கடத்தாது. அந்தத் தடையோடு நாம் உள்ளிட்ட உயரம், வயது, ஆணா பெண்ணா என்பது எல்லாவற்றையும் சேர்த்து உள்ளே இருக்கும் ஒரு சூத்திரம் மதிப்பிடுகிறது, அவ்வளவுதான். பாதத்தில் மட்டும் தகடு இருந்தால் மின்சாரம் பெரும்பாலும் காலுக்குள்ளேயே சுற்றிவரும். தொப்பை கிட்டத்தட்ட அனுமானம். மாலைக்குள் காலில் நீர் இறங்கியிருக்கும், எண்ணும் இறங்கிவிடும். அதனால் தினமும் காலையில், கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடாமல், ஈரமில்லாத காலோடு ஏறுங்கள். ஒரு நாள் எண்ணை நம்பாமல் ஒரு வாரச் சராசரியை எடுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வகை மெஷினில் ஏறவே கூடாது.

மெஷினுக்குப் பதில் டேப்பால் இடுப்பை அளந்து கொழுப்பு சதவீதம் கணக்கிடுபவர்களுக்கு ஒரே வார்த்தை: வயிற்றை எக்காதீர்கள்.

சரி, சதவீதம் கிடைத்துவிட்டது. அடுத்தது, சும்மா இருந்தாலே உடம்பு ஒரு நாளில் எத்தனை கலோரி செலவழிக்கும் என்ற கணக்கு. பலரும் பயன்படுத்துவது கேட்ச்-மெக்ஆர்டில் சூத்திரம்: 370 + (21.6 × கொழுப்பு நீங்கிய எடை). இதில் முதல் தவறு, மொத்த எடையையே போட்டுவிடுவது. 72 கிலோவில் 28 சதவீதம் கொழுப்பு என்றால் மீதி 51.8 கிலோ. விடை சுமார் 1490 கலோரி. 72-ஐ அப்படியே போட்டால் 1925 வரும். அடித்துப் பிடித்துச் செய்யும் டயட்டெல்லாம் இந்த 435 கலோரியில் காணாமல் போகும். இன்னொன்று, அந்த 51.8 கிலோவும் தசை என்று நினைத்துக்கொள்வது. எலும்பு, ஈரல், ரத்தம், நீர் எல்லாம் சேர்ந்ததுதான் அது.

எடையும் உயரமும் வயதும் மட்டும் கேட்கிற, 1990-இல் வந்த மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரத்தில், 168 சென்டிமீட்டர் உயரமும் 41 வயதும் உள்ள அதே 72 கிலோ ஆணுக்கு 1570 வருகிறது. 80 கலோரி கூடுதல். பார்க்க ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் தள்ளிய உடல்வாகு நம்மில் சகஜம். உயரத்துக்கு ஏற்ற எடைதான் இருக்கும், ஆனால் அதில் கொழுப்பின் பங்கு அதிகம். அப்படிப்பட்டவருக்குக் கொழுப்பு சதவீதக் கணக்கு உண்மைக்குக் கொஞ்சம் கிட்டே வரும். ஆனால் இரண்டு மூன்று சூத்திரங்களைப் போட்டுப் பார்த்து, எதில் அதிகம் சாப்பிடலாம் என்று வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. நானும் செய்திருக்கிறேன்.

இந்த 1490 என்பது நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் செலவாவது. இதுதான் நாள் தேவை என்று எண்ணி அதிலிருந்தும் 500-ஐக் கழித்து, 990 கலோரியில் குடித்தனம் நடத்தப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பத்தே நாளில் தலைசுற்றல், எரிச்சல், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆனால் பெரிய ஓட்டை இங்கெல்லாம் இல்லை. அடுத்து வரும் பெருக்கலில் இருக்கிறது. நாள் தேவையை எடுக்க, உழைப்பைப் பொறுத்து 1.2, 1.375, 1.55 என்று ஏதோ ஒன்றால் பெருக்க வேண்டும். நாற்காலியில் எட்டு மணி நேரம், சாயங்காலம் அரை மணி நடை என்றால் 1.375-ஐத் தாண்ட வேண்டாம். நாமோ வாரத்தில் மூன்று நாள் ஜிம் போனதை நினைத்து 1.55-ஐத் தொடுவோம். 1490-ஐ 1.375-ஆல் பெருக்கினால் சுமார் 2050, 1.55-ஆல் பெருக்கினால் 2310. வித்தியாசம் 260 கலோரி. கொழுப்பை 28-க்குப் பதில் 22 என்று மெஷின் தப்பாகச் சொல்லியிருந்தாலும் நாள் தேவையில் வரும் பிழை 130 கலோரிதான். அதில் பாதி! தசமப் புள்ளிக்கு மல்லுக்கட்டிவிட்டு இந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடுகிறோம். அது போதாதென்று, கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச் 'நடையில் 250 எரித்தாய்' என்று சொன்னால் அதையும் கூட்டிக்கொள்கிறோம். அந்த நடை பெருக்கலிலேயே வந்தாயிற்று. இரண்டு முறை எழுதக் கூடாது.

ஒரு ஒப்பீட்டுக்கு: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (ஐசிஎம்ஆர்-என்ஐஎன்) 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில், உட்கார்ந்தே வேலை செய்யும் 65 கிலோ ஆணுக்கு நாளைக்கு 2110 கலோரி, 55 கிலோ பெண்ணுக்கு 1660. உங்கள் விடை இதிலிருந்து வெகுதூரம் போனால் பெருக்கிய எண்ணை மறுபடி பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கிடைப்பது ஓர் ஊகம்தான். சரிபார்க்கும் வழி உடம்பிலேயே இருக்கிறது. மூன்று வாரம், சாப்பிடுவதை உள்ளபடி எழுதுங்கள். தோசையைச் சுற்றி விடும் நல்லெண்ணெயையும் சேர்த்துத்தான். ஒரு டீஸ்பூன் சுமார் 40 கலோரி, மூன்று தோசைக்கு 120. நான் முதல் மாதம் தோசையை எழுதினேன், எண்ணெயை எழுதவில்லை. தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரி எடுங்கள். டயட் தொடங்கிய முதல் வாரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அதில் குறைவது பெரும்பாலும் நீர். அதன்பின் மூன்று வாரத்தில் 600 கிராம் குறைந்தது என்று வையுங்கள். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி. அப்படியானால் 4620-ஐ 21 நாளால் வகுக்க, நாளைக்கு 220 குறைவாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள். எழுதி வைத்தது சராசரி 1800 என்றால் உங்கள் உண்மையான தேவை 2020 பக்கம். சூத்திரம் 2050 சொன்னாலும் 2300 சொன்னாலும், இனி இந்த 2020-ஐ வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள், சர்க்கரைக்கோ தைராய்டுக்கோ மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்கள் சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.