ஹசனி ரியால்: மொராக்கோவின் வெள்ளி நாணயத்தை வாசிக்கையில் நேரும் தவறுகள்

மொராக்கோவை 1873 முதல் 1894 வரை ஆண்ட சுல்தான் முதலாம் ஹசனின் பத்து திர்ஹம் வெள்ளி நாணயமான ஹசனி ரியாலைக் கையில் எடுத்தால், அரபி தெரியாதவர் கண் முதலில் போய் நிற்பது 1299 என்ற எண்ணில்தான். எகிப்திய, துருக்கிய நாணயங்களைப் போல அது கீழை அரபு எண்களில் (١٢٩٩ என்று) இருந்திருந்தால் குழப்பமே வந்திராது. மொராக்கோவிலோ நாம் அன்றாடம் எழுதும் எண் வடிவங்களே வழக்கம் என்பதால், இதைப் 13ஆம் நூற்றாண்டுக் காசு என்று புதிதாகச் சேகரிப்போர் எளிதில் நம்பிவிடுகிறார்கள்.

அது இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி ஆண்டு என்று அறிந்தவர்களும் சறுக்குவதுண்டு. ஹிஜ்ரி கணக்கு தொடங்கும் கி.பி. 622ஐ அப்படியே கூட்டினால் 1921 வரும். அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே ஹசன் இறந்துவிட்டார். சந்திரனைப் பின்பற்றும் ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாட்களில் முடிந்துவிடுவதால், எண்ணை 0.97ஆல் பெருக்கிய பிறகே 622ஐக் கூட்ட வேண்டும். அப்போது 1882 கிடைக்கும்.

பாரீஸில் அடிக்கப்பட்டது என்று நாணயமே சொல்வதால், இதைப் பிரெஞ்சுக் காலனியின் காசு என்று முடிவு கட்டுவதுதான் என் பார்வையில் இவற்றுள் பெரிய பிழை. பிரான்ஸின் பாதுகாப்பு ஆட்சி 1912இல்தான் தொடங்கியது. 1859-60 போரில் தோற்ற மொராக்கோ, ஸ்பெயினுக்கு இரண்டு கோடி துரோ (ஸ்பானிய வெள்ளி நாணயம்) இழப்பீடு தர வேண்டியதாயிற்று; துறைமுகச் சுங்க வருவாயில் பாதி அந்தக் கடனுக்கே போனது. சந்தைகளில் ஸ்பானிய துரோவும் பிரெஞ்சு ஐந்து பிராங்கும் புழங்கிய அந்த நிலையை மாற்றத்தான், சொந்த வெள்ளி நாணயத்தை ஐரோப்பிய இயந்திரங்களில் அடித்துத் தருமாறு ஹசன் பாரீஸ் அக்கசாலையிடம் ஒப்படைத்தார். அச்சடித்த ஊர் வேறு, ஆணையிட்ட அரசு வேறு.

எடையிலும் கவனம் தேவை. ஹசனின் நாணயம் 90 விழுக்காடு வெள்ளி கொண்டது, ஏறத்தாழ 29.1 கிராம்; அவர் மகன் அப்துல் அஜீஸ் காலத்தில் ஹிஜ்ரி 1320 அளவில் வந்த ரியாலோ 25 கிராம்தான். ஒன்றின் எடையைக் கொண்டு மற்றொன்றைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. அதேபோல், அதிலுள்ள திர்ஹமை 1960இல் அறிமுகமான இன்றைய மொராக்கோ திர்ஹமோடு ஒப்பிட்டு மதிப்புக் கணக்கிடுவதும் பொருளற்றது.

வெள்ளி விளக்கைத் துலக்குவதுபோல் இதையும் விபூதி போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. எழுத்துகளின் இடுக்கில் படிந்த கருமையோடு மேடான எழுத்துகளின் விளிம்பும் தேய்ந்து, பளபளப்பில் மெல்லிய கீறல்களே மிஞ்சும். அதன் பிறகு சேகரிப்பாளர் தரும் விலை வெள்ளியின் விலையை நோக்கி இறங்கத் தொடங்கும்.