புரண்டு படுத்தால் அறை சுற்றுகிறதா? வீட்டிலேயே எப்ளி முறை

செந்தூல் வீட்டில் ஒரு விடிகாலை, வலப்பக்கம் புரண்டதும் கூரை சுழன்றது. அரை நிமிடம்தான், கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். பித்தம் என்று அம்மா எலுமிச்சை பிழிந்து கொடுத்தார். பக்கத்துக் கிளினிக்கில் மாத்திரை தந்தார்கள். பத்து நாள் விழுங்கியும் புரண்டால் அதே சுழல். பிறகு அரசாங்க கிளினிக் டாக்டர் என் தலையைத் திருப்பிப் படுக்க வைத்து, கண் துடிப்பதைப் பார்த்துச் சொன்னார்: பி.பி.பி.வி., அதாவது தலையின் நிலை மாறும்போது திடீரென வரும் தலைசுற்றல்.

உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம்மாறி அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். தலை அசைய அவையும் உருளும். உடம்பே சுழல்வதாக மூளை நம்பிவிடும். மாத்திரை குமட்டலைத்தான் அடக்கும், துகளை நகர்த்தாது. தலையை வரிசையாகத் திருப்பித் துகளைக் குழாயிலிருந்து உருட்டி வெளியேற்றுவதுதான் எப்ளி முறை.

பேச்சுக் குழறல், முகக் கோணல், இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம், நிற்கவே முடியாத தள்ளாட்டம், திடீர்க் கடும் தலைவலி: இதில் ஒன்று இருந்தாலும் இதைப் படிக்காமல் மலேசிய அவசர எண் 999-ஐ அழையுங்கள். கழுத்து எலும்பிலோ விழித்திரையிலோ கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

முதலில் எந்தக் காது என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் தடுமாறியது இங்கேதான். இடப்பக்கம் என்று நினைத்து இரண்டு நாள் வீணாக்கினேன். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, தலையை 45 பாகை வலப்பக்கம் திருப்பி, அப்படியே மல்லாந்து படுங்கள். தோளுக்கடியில் தலையணை, தலை சற்றே பின்னால் தொங்க வேண்டும். உடனே சுற்றாது. சில விநாடி கழித்துத்தான் கிளம்பும். அவசரப்பட்டு எழுந்துவிட்டால் ஏமாந்துபோவீர்கள். ஒரு நிமிடம் காத்திருங்கள். சுற்றினால் வலக்காது. இல்லையென்றால் எழுந்து இடப்பக்கம் பாருங்கள்.

வலக்காது என்றால் இப்படி:

1. மேலே சொன்னபடி வலப்பக்கம் திரும்பிப் படுத்து, சுழல் அடங்கியபின் 30 விநாடி.
2. தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 பாகை திருப்பி 30 விநாடி. தூக்கினால் துகள் திரும்ப உருண்டுவிடலாம்.
3. இடத்தோள்மேல் உடம்போடு புரண்டு, மூக்கு தரையைப் பார்க்க 30 விநாடி.
4. முகவாய் தாழ்ந்திருக்க, மெல்ல எழுந்து உட்காருங்கள்.

இடக்காதுக்குத் திசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் தடவை பக்கத்தில் ஆள் வேண்டும், வாந்தி வரலாம். முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள், கார் ஓட்டாதீர்கள். ஸ்பாஞ்ச் தலையணை அமுங்கிப்போகும். பழைய கெக்காபு (இலவம்பஞ்சு) தலையணைதான் தோளுக்குச் சரி. எனக்கு மூன்றாம் நாள் நின்றது.

பின்னர் சேர்த்தது: பட்டர்வொர்த் அக்கா ஒருவர் ஒரு வாரம் செய்தும் தீரவில்லை என்றார். அவருக்கு இரண்டு பக்கம் புரண்டாலும் பலமாகச் சுற்றியதாம். அது உள்காதின் இன்னொரு அரைவட்டக் குழாயான பக்கவாட்டுக் குழாயில் சிக்கிய துகளாக இருக்கலாம், அதற்கு எப்ளி உதவாது. மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் அவரை வேறு முறையில் உருட்டிவிட்டார்கள். இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார். சுழல் மணிக்கணக்கில் நீடித்தாலோ, காது இரைந்து கேட்கும் திறன் குறைந்தாலோ நீங்களும் அங்கேதான் போக வேண்டும்.