பி.எம்.கிசான் 2,000 ரூபாய் நின்று போச்சா? எங்கே பார்ப்பது, யாரிடம் போவது

மத்திய அரசு விவசாயிகளுக்குக் கொடுக்கும் பி.எம்.கிசான் பணம் ஏப்ரல்–ஜூலை, ஆகஸ்ட்–நவம்பர், டிசம்பர்–மார்ச் என்று வருஷத்துக்கு மூன்று தவணை, தலா 2,000. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு வந்து உங்களுக்கு வரவில்லை என்றால் மனு எழுதிக்கொண்டு எங்கும் ஓட வேண்டாம். முதலில் பி.எம்.கிசான் தளத்தில் 'நோ யுவர் ஸ்டேட்டஸ்' பகுதியைத் திறங்கள். பதிவு எண் மறந்திருந்தால் அதே பக்கத்தில் மொபைல் அல்லது ஆதார் எண் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

உள்ளே மூன்று விஷயம் பாருங்கள்: இ-கேஒய்சி (ஆதார் வழியாக ஆளைச் சரிபார்ப்பது), லேண்ட் சீடிங் (உங்கள் நில விவரத்தைப் பதிவோடு இணைப்பது), ஆதார் பேங்க் சீடிங் (பணம் வர ஆதாரைப் பேங்க்கோடு இணைப்பது). மூன்றிலும் 'எஸ்' இருக்க வேண்டும்.

இ-கேஒய்சி 'நோ' என்றால் ஐந்து நிமிஷ வேலை. ஆதாரில் உள்ள மொபைல் எண் கையில் இருந்தால் ஓடிபி போதும். எண் மாறிப்போன பெரியவர்களுக்கு பி.எம்.கிசான் ஆப்பில் முகம் காட்டும் வழிதான் நல்லது. மஞ்சள் வெட்டியும் தேங்காய் உரித்தும் தேய்ந்த விரலில் ரேகை லேசில் விழாது.

லேண்ட் சீடிங் 'நோ' என்றால் சிட்டா நகல், ஆதார் நகலோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். நம் பக்கம் இது பெரும்பாலும் பெயரில்தான் இடிக்கும். பட்டாவில் 'சின்னச்சாமிக் கவுண்டர்', ஆதாரில் 'சின்னசாமி'. பூமி இன்னும் இறந்துபோன அப்பாரு பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாற்றாமல் வேலை நகராது. 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு கிரயம் வாங்கிய பூமிக்கு இந்தப் பணம் கிடையாது. வாரிசாக வந்ததற்கு உண்டு.

ஆட்கள் அதிகம் ஏமாறுவது மூன்றாவதான ஆதார் பேங்க் சீடிங்கில். "ஆதார் நகலைப் பேங்க்கில் எப்பவோ கொடுத்தாச்சே" என்பார்கள். நகல் கொடுத்தது கணக்குக்கான அடையாளம், அவ்வளவுதான். மானியம் போய்ச் சேர, பேங்க்குகளுக்கு இடையே பணம் அனுப்பும் அமைப்பான என்பிசிஐயின் பட்டியலில் உங்கள் ஆதாருக்கு நேராக அந்தப் பேங்க்கின் பெயர் ஏற வேண்டும். ஒரு ஆதாருக்கு ஒரே பேங்க். கடைசியாக எது ஏறியதோ அதற்குத்தான் பணம் போகும். சிம் வாங்கும்போது கைரேகை வைத்துத் திறந்த பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கில் தவணை கிடக்க, பழைய பாஸ்புக்கை வரி வரியாகப் பதிந்து பார்ப்பது வீண். ஆகவே புதுக் கணக்கு திறப்பதற்கு முன்னால் ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். பேங்க் பெயரும் 'ஆக்டிவ்' என்றும் வரும். கணக்கு எண் வராது. ஒரே பேங்க்கில் இரண்டு கணக்கு இருந்தால் கிளையில்தான் கேட்க வேண்டும். மாற்றுவதற்கு, வேண்டிய பேங்க்கில் "டிபிடிக்காக என்பிசிஐ மேப்பிங்" என்று சொல்லியே படிவம் கேளுங்கள் (டிபிடி என்றால் அரசுப் பணம் நேராக உங்கள் கணக்குக்கு வருவது). "ஆதார் லிங்க்" என்று மட்டும் கேட்டால் பழைய கதையே நடக்கும். படிவம் கொடுத்த சில நாளில் மைஆதாரில் திரும்பப் பார்த்து, பேங்க் பெயர் மாறியிருப்பதை உறுதி செய்யுங்கள்.

பிறகு சேர்த்தது: மூன்றும் 'எஸ்' ஆகியும் வரவில்லை என்றால் வீட்டில் வேறு யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். கணவன், மனைவி, 18 வயது நிறையாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். அதில் ஒருவருக்குத்தான் பணம். வருமான வரி கட்டியவர்களையும் தள்ளிவிடுவார்கள். இது எதுவும் இல்லை என்றால் 155261-க்குப் பதிவு எண்ணோடு கூப்பிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் 'பி.எம்.கிசான்' என்று வரும் ஏபிகே ஃபைலை (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்) தொடவே தொடாதீர்கள். ஆப் வேண்டுமானால் பிளே ஸ்டோரில் மட்டும்.