கொட்டாங்குச்சிக் கரியால் குரோமியத்தைப் பிடிப்பது எப்படி?

வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சுற்றிலும் தோல் பதனிடும் ஊர்கள் என்பதால், எம்.எஸ்ஸி. மாணவர்கள் புராஜெக்ட் என்று வந்தாலே குரோமியத்தைத்தான் எடுப்பார்கள். குரோமியம் தண்ணீரில் இரண்டு வடிவங்களில் வரும். பதனிடப் பயன்படுவது குரோமியம்-3. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மேட்டிலிருந்து நிலத்தடி நீருக்கு இறங்குவது குரோமியம்-6. விஷம் அதிகம் இதற்குத்தான். கரியால் பிடிக்க வேண்டியதும் இதைத்தான்.

கொட்டாங்குச்சியில் நார் துளிகூட இல்லாமல் சுரண்டி, இடித்து, 1 முதல் 2 மி.மீ. துண்டுகளாகச் சலித்து, 105 டிகிரியில் காயவையுங்கள். 20 கிராம் துண்டுக்கு 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 40 கிராம் எடுத்து, சம அளவு தண்ணீரில் கலந்து ஊற்றி, ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் அடுப்பில் உலர்த்தினால் துண்டுகள் கறுத்துப் பிசுபிசுவென்று ஒட்டும். அதை மூடியுள்ள குரூசிபிளில் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) போட்டு, மஃபிள் பர்னஸில் (ஆய்வக மின் உலை) 450 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். புகை வரும், புகையை உறிஞ்சி வெளியேற்றும் பியூம் ஹூடு கட்டாயம். சாதாரண அடுப்புக்கரி இதற்கு ஈடாகாது. உலோகத்தைப் பிடிப்பதில் நுண்துளைகளோடு, கரியின் மேற்பரப்பில் அமிலம் உண்டாக்கும் ஆக்சிஜன் தொகுதிகளுக்கும் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் கழுவுதல். இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். சுடு காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்பக் கழுவி, கடைசிக் கழுவுநீரில் நைட்ரிக் அமிலமும் அமோனியம் மாலிப்டேட்டும் விட்டுச் சூடாக்கிப் பாருங்கள். மஞ்சள் படிந்தால் பாஸ்பேட் இன்னும் போகவில்லை. இதே கரியை ஈயம் பிடிக்கவும் சிலர் பயன்படுத்துவார்கள்; பாஸ்பேட் போகாத கரியை ஈயக் கரைசலில் போட்டால், ஈயம் பாஸ்பேட்டாக வீழ்படிந்துவிடும். கரிதான் பிடித்தது என்று நாம் ஏமாந்துபோவோம்.

சரி, சோதனைக்கு வருவோம். ஒரு லிட்டரில் 141.4 மி.கி. பொட்டாசியம் டைக்குரோமேட் கரைத்தால் குரோமியம் லிட்டருக்கு 50 மி.கி. இருக்கும். இது புற்றுநோய் உண்டாக்கும் பொருள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். 50 மில்லிக்கு 0.1 கிராம் கரி போட்டு, பிஎச்-ஐ 2-க்குக் கொண்டுவந்து, இரண்டு மணி நேரம் குலுக்கி வடிகட்டுங்கள். அமிலத்தில் கரியின் மேற்பரப்பு நேர்மின் ஏற்கும். எதிர்மின் கொண்ட குரோமேட் தானாக வந்து ஒட்டும். ஈயம், காப்பர், காட்மியத்துக்கு நேர்மாறு: பிஎச் 5 வாக்கில் வையுங்கள். அதற்கு மேலே போகப் போக ஹைட்ராக்சைடாகப் படியத் தொடங்கும் என்பதால், கரி போடாத ஒரு பிளாங்கும் கூடவே குலுக்குங்கள்.

வடிநீரில் டைபினைல்கார்பசைடு விட்டால், குரோமியம்-6 இருந்தால் ஊதா வரும். ஊதா வரவில்லை என்றதும் 'நூறு சதவீதம் நீங்கியது' என்று ரிப்போர்ட் எழுதிவிடுகிறார்கள். நான் கையெழுத்துப் போடுவதில்லை. அமிலத்தில் கரி குரோமியம்-6-ஐ குரோமியம்-3 ஆக மாற்றவும் செய்யும். அது நிறம் காட்டாமல் தண்ணீரிலேயே நிற்கும். ஆகவே உலோக அளவைக் காட்டும் அட்டாமிக் அப்சார்ப்ஷன் கருவியில் மொத்தக் குரோமியத்தையும் அளந்தே ஆக வேண்டும். மிச்சம் இருந்தால், சுண்ணாம்பால் பிஎச்-ஐ 8-க்கு ஏற்றி, படிவதை வடித்துவிடலாம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய வரம்பு லிட்டருக்கு 0.05 மி.கி. அதற்காக இந்தக் கரியை வீட்டுப் பில்டரில் போட்டுக் குடிக்க நினைக்காதீர்கள். இது கழிவுநீருக்கான வேலை.

பயன்படுத்திய கரியைச் செடிக்குப் போடவோ எரிக்கவோ கூடாது. வடிதாள், சுண்ணாம்புப் படிவு எல்லாவற்றையும் சேர்த்து, மூடி இறுகிய டப்பாவில் 'குரோமியம்' என்று எழுதி வையுங்கள். எங்கள் மாநிலத்தில் அபாயகரக் கழிவைப் புதைக்கும் இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. கல்லூரி மூலமாக அங்கே அனுப்ப முதலிலேயே பேசி வைத்துவிட்டுப் புராஜெக்டைத் தொடங்குங்கள்.